ஊர் மெச்ச ஒரு வீடா? குடும்பம் வாழ ஒரு வீடா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி.

இரண்டும் பெரிய காரியம். இரண்டிலும் பணம் தண்ணீராக ஓடும். இரண்டிலும் மனிதன் அகலக் கால் வைப்பான். பிறகு ஆண்டுக் கணக்கில் வட்டி கட்டுவான்.

ஏன் இப்படி ஆகிறது?

வீடு கட்டத் தொடங்கும்போது, "நம் குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும்?" என்று கேட்பவர் குறைவு. "அடுத்த வீட்டுக்காரர் எத்தனை மாடி போட்டிருக்கிறார்?" என்று பார்ப்பவர்தான் அதிகம். அவர் இரண்டு மாடி போட்டால், இவரும் இரண்டு மாடி போடுகிறார். அவர் முகப்பில் பளிங்கு பதித்தால், இவரும் பதிக்கிறார். முகப்பு மின்னுகிறது. உள்ளே வீட்டுக்காரர் தூக்கம் இல்லாமல் புரளுகிறார்.

இது தவறு என்று ஒரு மனிதர் சொன்னார். வாயால் மட்டும் சொல்லவில்லை. கட்டிக் காட்டினார். ஒரு வீடு அல்ல, இரண்டு வீடு அல்ல. ஏராளமான வீடுகள் கட்டினார். ஏழைக்கும் கட்டினார். வசதி உள்ளவருக்கும் கட்டினார்.

அவர் பெயர் லாரி பேக்கர். "லாரி" என்றதும் சரக்கு ஏற்றும் வண்டியை நினைக்க வேண்டாம்! லாரன்ஸ் என்ற பெயரின் சுருக்கம் அது. பிறப்பால் ஆங்கிலேயர். வாழ்வால் இந்தியர். 1989-ல் இந்தியக் குடிமகனாகவே ஆகிவிட்டார். 2007-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி, தமது 90-வது வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

அவர் பெரிய கட்டட நிபுணர் என்று பலருக்குத் தெரியும். அவர் நல்ல குடும்பத் தலைவர் என்பது சிலருக்குத்தான் தெரியும். ஆனால், அவருடைய கட்டடக் கலையின் இரகசியமே அங்கேதான் இருக்கிறது. குடும்பம் என்றால் என்ன என்று அறிந்தவர், வீடு என்றால் என்ன என்றும் அறிந்துகொண்டார்.

போரில் மருந்து கொடுத்தவர்

இங்கிலாந்தில் பர்மிங்காம் என்று ஒரு தொழில் நகரம். அங்கே 1917-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பேக்கர் பிறந்தார். தந்தை கணக்கர். நடுத்தரக் குடும்பம்.

பேக்கர் கட்டடக் கலை படித்தார். 1937-ல் படிப்பை முடித்தார். வேலை தேடி முன்னுக்கு வர வேண்டிய நேரத்தில் உலகப் போர் மூண்டது.

பேக்கர் "குவேக்கர்" என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்திருந்தார். அந்தப் பிரிவினர் ஆயுதம் ஏந்த மாட்டார்கள். ஆடம்பரமும் அவர்களுக்கு ஆகாது. எளிமையாக வாழ வேண்டும், பிறருக்கு உதவ வேண்டும் என்பது அவர்களின் கொள்கை.

துப்பாக்கி எடுக்க மறுத்த பேக்கர், வீட்டில் ஒளிந்துகொள்ளவில்லை. காயம் பட்டவர்களுக்கு உதவும் தொண்டர் படையில் சேர்ந்தார். அறுவைச் சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்றார். அந்தப் படையோடு சீனாவுக்குப் போனார். அங்கே தொழுநோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். ஊரே ஒதுக்கி வைத்தவர்களை அவர் தொட்டு, புண் கழுவி, மருந்து கட்டினார்.

கட்டடம் கட்டப் படித்தவர், முதலில் மனிதரைப் படித்தார்!

துணிச் செருப்பைப் பார்த்த காந்தியடிகள்

சீனாவில் பேக்கரின் உடல்நலம் கெட்டது. தாய்நாட்டுக்குத் திரும்பும்படி கட்டளை வந்தது. போர்க்காலம் அல்லவா? கப்பல் எளிதில் கிடைக்கவில்லை. பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

அந்தச் சில மாதங்கள் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டன.

அப்போது பம்பாயில் காந்தியடிகள் இருந்தார். பேக்கர் தங்கியிருந்த வீட்டுக்காரர் காந்தியடிகளின் நண்பர். அதனால் பேக்கருக்கும் அறிமுகம் கிடைத்தது. காந்தியடிகளின் கண் பேக்கரின் காலில் விழுந்தது. அவர் போட்டிருந்தது சீனத் துணிச் செருப்பு. கழிவுத் துணியைக் கொண்டு கையால் தைத்தது. "இதை எப்படிச் செய்வது?" என்று காந்தியடிகள் ஆவலோடு விசாரித்தார். வீணாகும் பொருளிலிருந்து ஒரு பயனுள்ள பொருள் பிறந்தால், அந்த மகானுக்கு அதைவிட மகிழ்ச்சி வேறு உண்டா?

பேச்சு வீடு கட்டுவதைப் பற்றித் திரும்பியது. காந்தியடிகள் ஒரு கருத்தைச் சொன்னார். ஒரு கிராமத்து வீடு, அந்த இடத்தைச் சுற்றி 5 மைல் தூரத்துக்குள் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டப்பட வேண்டும் என்பதே அந்தக் கருத்து.

இளைஞரான பேக்கருக்கு இது நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. இரும்பும் சிமெண்டும் கண்ணாடியும் இல்லாமல் வீடா என்று நினைத்தார். நாற்பது ஆண்டுகள் இந்தியாவில் வீடு கட்டிய பிறகு, காந்தியடிகள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை என்று அவரே சொன்னார்.

ஊருக்குப் போன பேக்கர் அங்கே தங்கவில்லை. 1945-ல் இந்தியாவுக்கே திரும்பி வந்தார். தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்யும் சங்கம் ஒன்று அவரைக் கட்டட வேலைக்கு அழைத்திருந்தது. அந்த நோய்க்குப் புதிய மருந்து வந்திருந்த சமயம் அது. நோயாளிகளை அடைத்து வைத்த பழைய இல்லங்களை, நோய் தீர்க்கும் மருத்துவமனைகளாக மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையை அவர் ஏற்றார்.

காத்திருந்து நடந்த கல்யாணம்

வடக்கே பைசாபாத்தில் ஒரு மலையாளி டாக்டரின் வீட்டில் பேக்கர் தங்கியிருந்தார். அந்த டாக்டரின் தங்கை எலிசபெத். அவரும் டாக்டர். இருவர் மனமும் ஒத்துப் போனது. இருவருக்கும் ஒரே எண்ணம். ஏழைகளுக்கு உழைக்க வேண்டும் என்ற எண்ணம்.

ஆனால் இரு வீட்டாரும் எளிதில் சம்மதிக்கவில்லை. அவர் ஆங்கிலேயர், இவர் கேரளத்துப் பெண். நாடு வேறு, மொழி வேறு, பழக்க வழக்கம் வேறு. பெரியவர்கள் தயங்கினார்கள்.

இருவரும் அவசரப்படவில்லை. ஆத்திரப்படவும் இல்லை. பொறுமையாகக் காத்திருந்தார்கள். 1948-ல் கல்யாணம் நடந்தது.

கல்யாணம் ஆனதும் மணமக்கள் இமயமலைப் பக்கம் போனார்கள். பித்தோர்கர் என்ற மலைப்பகுதி அது. சில நாள் இருந்துவிட்டு வரத்தான் போனார்கள். "வந்திருப்பது டாக்டரம்மா" என்ற செய்தி மலைக் கிராமங்களில் பரவியது. நோயாளிகள் தேடி வந்தார்கள். அந்தப் பக்கத்தில் வைத்தியம் பார்க்க ஆள் இல்லை. வந்தவர்களை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது?

அங்கேயே தங்கிவிட்டார்கள்! சில நாள் என்று போனவர்கள், சுமார் 15 ஆண்டுகள் இருந்தார்கள். மலைச் சரிவில் ஒரு வீடும் மருத்துவமனையும் எழுந்தன. மனைவி நோய் தீர்த்தார். கணவர் கட்டடம் கட்டினார், மருத்துவமனையிலும் கைகொடுத்தார். போரில் கற்ற தொழில் மலையில் பயன்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மனைவியின் தொழிலுக்காகக் கணவர் ஊர் மாறுவது அந்தக் காலத்தில் அபூர்வம். "நான் சீமையில் படித்த நிபுணன், பட்டணத்தில் எனக்குப் பெரிய வேலை காத்திருக்கிறது" என்று பேக்கர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனைவிக்கு எங்கே வேலை இருந்ததோ, அங்கே தமக்கும் வேலை உண்டு என்று இருந்தார். அந்த மலையில் இருந்த நாள்களே அவரைப் பெரிய நிபுணராக ஆக்கின என்பதுதான் வேடிக்கை!

படிக்காதவர்களிடம் படித்த படிப்பு

பித்தோர்கரில் பேக்கர் ஒரு உண்மையைக் கண்டார். தாம் படித்த புத்தகங்கள் அங்கே உதவவில்லை. இரும்பு உத்தரம் பற்றிப் புத்தகம் சொன்னது. மலையில் இரும்பு ஏது? சிமெண்டைப் பற்றிச் சொன்னது. அதை மலைமேல் யார் சுமப்பது?

ஆனால் மலைவாசிகள் தலைமுறை தலைமுறையாக வீடு கட்டி வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். பக்கத்தில் கிடைக்கும் கல், மண், மரம். அவ்வளவுதான். அந்த வீடுகள் குளிரைத் தடுத்தன. மழையைத் தாங்கின.

பேக்கர் என்ன செய்தார்? "பட்டிக்காட்டு வீடு" என்று முகம் சுளிக்கவில்லை. ஏன் கூரை இப்படிச் சரிகிறது, ஏன் சன்னல் இந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. வெயில், காற்று, மழை, மண் எல்லாவற்றையும் அந்த மக்கள் கணக்கில் எடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களிடம் அவர் மறுபடியும் பாடம் படித்தார்.

படித்தவன் என்ற கர்வம் இல்லாதவனுக்கே இரண்டாவது படிப்பு வரும்.

1963-ல் பேக்கர் குடும்பம் கேரளத்துக்கு வந்தது. முதலில் வாகமண் மலையில் இருந்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் குடியேறினார்கள். அந்தத் தம்பதிக்கு மூன்று பிள்ளைகள். நாலாஞ்சிறை என்ற இடத்தில் பாறையும் சரிவுமான ஒரு நிலம் கிடைத்தது. வேறு யாராவது வாங்கியிருந்தால் வெடி வைத்துப் பாறையைத் தகர்த்து, மண்ணை வெட்டிச் சமப்படுத்தியிருப்பார்கள். பேக்கர் சரிவைச் சரிவாகவே விட்டார். நிலம் எப்படி ஏறி இறங்கியதோ, வீடும் அப்படியே ஏறி இறங்கியது. பழைய மரம், உடைந்த ஓடு, பிறர் வேண்டாம் என்று தள்ளிய பொருள் எல்லாம் அந்த வீட்டில் இடம் பெற்றன. ஒரே மூச்சில் கட்டி முடிக்கவில்லை. தேவை வளர வளர, வீடும் வளர்ந்தது.

"ஹாம்லெட்" என்று அதற்குப் பெயர் வைத்தார். சிற்றூர் என்பது பொருள்.

செலவு குறைத்த சூட்சுமம்

பேக்கர் வீட்டுச் செலவை எப்படிக் குறைத்தார்? மட்டமான பொருளைப் போட்டா? கலவையில் மணலை அதிகம் சேர்த்தா? இல்லவே இல்லை. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, "இது தேவையா?" என்று ஒரு கேள்வி கேட்டார். தேவை இல்லாததை நீக்கினார். அதுதான் சூட்சுமம்.

சுவரைப் பாருங்கள். சாதாரணமாகக் கொத்தனார் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவார். பேக்கர் செங்கல்லை நெடும்பக்கமாக நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் வெற்றிடம். இரண்டையும் இணைக்கக் குறுக்கே ஒரு கல். இதற்கு "எலிப்பொறிக் கட்டு" என்று பெயர். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் ஏறக்குறைய கால்வாசிச் செங்கல் மிச்சமாகிறது. நடுவில் காற்று அடைபட்டு நிற்பதால் வெளியே அடிக்கும் வெயில் உள்ளே சீக்கிரம் இறங்காது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

தளத்தைப் பாருங்கள். கான்கிரீட் தளத்தின் மேல் பாகம் அழுத்தத்தைத் தாங்குகிறது. கீழ்ப் பாகத்தில் இழுப்பைத் தாங்குவது இரும்புக் கம்பி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே, கீழ்ப் பாகத்தில் கிடக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. அது வெறும் பாரம். அந்த இடத்தில் பேக்கர் பழைய மங்களூர் ஓடுகளை வைத்தார். சிமெண்டு குறைந்தது. தளத்தின் கனம் குறைந்தது. கனம் குறைந்ததால் கம்பியும் குறைந்தது. அண்ணாந்து பார்த்தால் ஓடுகள் வரிசையாகத் தெரிவது ஓர் அழகு.

சன்னலைப் பாருங்கள். மரச்சட்டம், கம்பி, கண்ணாடி, கீல், கொக்கி என்று சன்னலுக்கு எத்தனை செலவு! அதே அளவுச் சுவரைவிடச் சன்னலுக்குப் பன்மடங்கு பணம் பிடிக்கும். பேக்கர் பல இடங்களில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, வலை போலச் சுவர் எழுப்பினார். காற்று வரும்; வெளிச்சம் வரும்; திருடன் வர முடியாது. வெயில் ஏற ஏற, அந்த ஓட்டைகளின் நிழல் தரையில் கோலம் போடும்.

பூச்சைப் பாருங்கள். செங்கல் நன்றாக இருந்தால், அதை ஏன் சிமெண்டால் மூட வேண்டும்? மூடிய பிறகு அதன் மேல் ஏன் சாயம் அடிக்க வேண்டும்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏன் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்? பேக்கர் பல கட்டடங்களில் பூச்சே பூசவில்லை. செங்கல் தன் சொந்த நிறத்தில் நின்றது.

திருவனந்தபுரம் போகிறவர்கள் இதைக் கண்ணால் காணலாம். தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் பக்கத்தில் இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. செந்நிறத்தில் வட்டமாக நிற்கும் கட்டடம். உள்ளே மாடிப்படி கிடையாது. தரையே சுழன்று சுழன்று மேலே போகும். சுவர் ஓரமாக மேசைகள். காபி குடிக்க வருகிறவர்கள், அதைக் கட்டியவர் யார் என்று தெரியாமலே அதை ரசிக்கிறார்கள். நல்ல தொழிலாளிக்கு அது போதாதா?

உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் அவருடைய பெரிய வேலை. பொருளாதார நிபுணர் கே. என். ராஜ் தொடங்கிய நிறுவனம் அது. பெரிய அறிஞர்கள் படிக்கும் இடத்தையும் அதே செங்கல்லைக் கொண்டு, அதே சிக்கனத்தோடு பேக்கர் கட்டினார். சிக்கனம் ஏழைக்கு மட்டும் விதித்த தண்டனை அல்ல என்று அதன் மூலம் காட்டினார்.

கையில் பழைய உறை, காலில் மண்

பேக்கருக்குப் பெரிய அலுவலகம் கிடையாது. வாசலில் பலகை கிடையாது. பின்னால் நிற்கப் பரிவாரம் கிடையாது. வந்த கடிதத்தின் உறையைத் திருப்பி, அதன் பின்பக்கத்தில் வீட்டுக்குப் படம் போடுவார். ஒரு காகிதத்தைக்கூட வீணாக்க அவருக்கு மனம் வராது.

படம் போடும் முன்பு குடும்பத்தோடு பேசுவார். வீட்டில் எத்தனை பேர்? என்ன தொழில்? எப்படிப் புழங்குவார்கள்? அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் கோடு போடுவார்.

திருவனந்தபுரத்தை அடுத்த பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோதும் இப்படித்தான். ஒரே நேர்வரிசையில் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தால் வேலை எளிது. பேக்கர் அப்படிச் செய்யவில்லை. ஒரு வீடு முன்னே, ஒரு வீடு பின்னே என்று மாற்றி மாற்றி அமைத்தார். ஏன்? கடல் காற்று எல்லா வீட்டுக்கும் கிடைக்க வேண்டும். நடுவில் வலை காய வைக்க இடம் வேண்டும். குழந்தைகள் விளையாட இடம் வேண்டும். இப்படி யோசிக்க ஒரு தகப்பனுக்குத்தான் தோன்றும்!

வேலை நடக்கும் இடத்துக்குத் தாமே போவார். கொத்தனாரோடு நின்று பேசுவார். நடுவில் ஒரு மரம் இருந்தால் சுவரை வளைப்பாரே தவிர, மரத்தை வெட்ட மாட்டார். கொத்தனாரின் கையில் கலை இருக்கிறது என்று நம்பினார். பொருளுக்குப் போகும் பணம் குறைந்து, உழைப்பவன் கைக்குப் போகும் கூலி கூட வேண்டும் என்று விரும்பினார். சிமெண்டுக்குக் கொடுக்கும் காசு எங்கோ உள்ள ஆலைக்குப் போகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கொடுக்கும் காசு அதே ஊரில் அரிசியாகவும் பருப்பாகவும் மாறுகிறது. இந்தக் கணக்கை எத்தனை பேர் போடுகிறார்கள்?

1985-ல், கேரள முன்னாள் முதல் மந்திரி அச்சுத மேனன் முதலியவர்களோடு சேர்ந்து "காஸ்ட்ஃபோர்டு" என்ற அமைப்பைப் பேக்கர் உருவாக்கினார். குறைந்த செலவில் வீடு கட்டும் முறையைப் பரப்புவது அதன் வேலை. யாரும் புரிந்துகொள்ளும்படி எளிய நடையில், தம் கையால் எழுதி, தாமே படம் போட்டுச் சிறு புத்தகங்கள் வெளியிட்டார். தொழில் இரகசியத்தைப் பூட்டி வைக்கவில்லை. ஊருக்கே கொடுத்துவிட்டார்.

1990-ல் இந்திய அரசு "பத்மஸ்ரீ" பட்டம் அளித்தது. பட்டம் வந்த பிறகும் அவர் அதே பேக்கர்தான்.

குறை சொல்பவர்களும் உண்டு

பேக்கர் முறையில் குறையே இல்லையா? உண்டு என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும்.

"எல்லா ஊரிலும் நல்ல செங்கல் கிடைக்காது, மட்டமான கல்லைப் பூசாமல் விட்டால் மழையில் அரித்துப் போகும்" என்கிறார்கள். உண்மைதான். "எலிப்பொறிக் கட்டுக்குக் கை தேர்ந்த கொத்தனார் வேண்டும்" என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஓடு வைத்த தளத்துக்கு, கம்பி எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்று கணக்குத் தெரிந்த பொறியாளர் சொல்ல வேண்டும். பார்த்ததை வைத்துத் தாமாகவே செய்யத் துணிவது ஆபத்து. "செங்கல் சுடவும் விறகும் மண்ணும் அழிகின்றனவே?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் கேள்வி பேக்கருக்கும் இருந்தது. அதனால்தான் சுடாத மண்ணைக் கொண்டு வீடு கட்டுவதைப் பற்றியும் அவர் எழுதினார்.

ஆனால் இந்தக் குறைகள் எதைக் காட்டுகின்றன? பேக்கரின் செங்கல்லைக் கண்ணை மூடிக்கொண்டு காப்பி அடிக்கக் கூடாது என்பதைத்தான் காட்டுகின்றன. கல் கிடைக்கும் ஊரில் கல். நல்ல மண் கிடைக்கும் ஊரில் மண். சூளை பக்கத்தில் இருந்தால் செங்கல். பொருள் ஊருக்கு ஊர் மாறும். கேள்வி மாறாது. "இது தேவையா?" என்ற கேள்வியைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு குறையும் சொல்கிறார்கள். "பூச்சு இல்லாத வீட்டில் இருந்தால் நாலு பேர் மதிப்பார்களா? பெண் கொடுப்பார்களா?" என்பது அது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பேக்கர் அல்ல. நாம்தான்! வீட்டின் பூச்சைப் பார்த்துப் பெண் கொடுப்பவர், பூச்சு உதிர்ந்ததும் என்ன செய்வார்?

வீடு கட்டப் போகிறவர்களுக்கு

வீடு கட்ட நினைக்கும் குடும்பம், கொத்தனாரைக் கூப்பிடும் முன்பு ஒரு நாள் எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். வீட்டுப் பெரியவர் மட்டும் முடிவு செய்யக் கூடாது. அடுப்பங்கரையில் நாள் முழுவதும் நிற்கிற பெண்ணைக் கேட்க வேண்டும்: புகை எப்படிப் போக வேண்டும், தண்ணீர் எங்கே வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். படிக்கிற பிள்ளையைக் கேட்க வேண்டும்: எங்கே வெளிச்சம் வேண்டும்? முட்டி வலிக்கிற பாட்டியைக் கேட்க வேண்டும்: எத்தனை படி ஏற முடியும்?

பிறகு நிலத்தைப் பார்க்க வேண்டும். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது? காற்று எந்தப் பக்கம் வருகிறது? மழைத் தண்ணீர் எங்கே போகிறது? எந்த மரத்தைக் காப்பாற்றலாம்?

அதற்குப் பிறகு பெட்டியைப் பார்க்க வேண்டும். இருக்கிற பணம் எவ்வளவு? பிள்ளைகளின் படிப்பையும், வீட்டாரின் வைத்தியத்தையும் தொடாமல் எவ்வளவு செலவிடலாம்? விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். இன்று இரண்டு அறை போதும் என்றால் இரண்டு அறை கட்டலாம். நாளை மூன்றாவது அறைக்கு இடம் விட்டு வைக்கலாம். பேக்கரின் சொந்த வீடே அப்படி வளர்ந்த வீடுதானே?

கடைசியாக, ஒவ்வொரு செலவையும் பார்த்து ஒரு கேள்வி: "இது வீட்டில் இருப்பவருக்கா? தெருவில் போகிறவருக்கா?" தெருவில் போகிறவருக்கு என்றால், அந்தச் செலவை அடித்துவிட வேண்டும். தெருவில் போகிறவர் ஒரு நொடி பார்ப்பார், போய்விடுவார். அவர் நமக்காக வட்டி கட்ட வரமாட்டார்.

செங்கல்லும் இல்லறமும்

பேக்கர் எப்படி வாழ்ந்தாரோ, அப்படியே கட்டினார். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

கல்யாணத்துக்குப் பொறுமையாகக் காத்திருந்தார். வீட்டையும் பொறுமையாக வளர விட்டார். மனைவியின் தொழிலை மதித்தார். கொத்தனாரின் தொழிலையும் மதித்தார். ஊர் தள்ளிய நோயாளியை அணைத்தார். ஊர் தள்ளிய பழைய ஓட்டையும் மரத்தையும் எடுத்துப் பயன்படுத்தினார். நிலத்தோடு சண்டை போடவில்லை. மனிதரோடும் சண்டை போடவில்லை.

அந்தத் தம்பதி 1948 முதல் 2007 வரை, 59 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். மலையில், மழையில், பணம் இல்லாத நாளில், புகழ் வந்த நாளில் ஒன்றாகவே இருந்தார்கள். கணவரைப் பற்றி எலிசபெத் அம்மையார் ஒரு புத்தகமும் எழுதினார். நிபுணர் என்று உலகம் பாராட்டிய மனிதரின் இன்னொரு பக்கத்தை, வீட்டுக்காரரை, மனைவியின் கண்ணால் காட்டும் புத்தகம் அது.

பெரிய அரண்மனை கட்டியவர்களைச் சரித்திரம் பேசுகிறது. கோட்டை கட்டியவர்களைப் பேசுகிறது. ஒரு சிறு குடும்பம் நிம்மதியாகச் சோறு உண்டு, கடன் தொல்லை இல்லாமல் படுத்து உறங்குவதற்குச் சுவர் எழுப்பியவனைச் சரித்திரம் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் இருக்கும் குடும்பம் அவனை வாழ்த்தும். அந்த வாழ்த்துக்கு ஈடு எது?

செங்கல்லும் சிமெண்டும் சேர்ந்தால் கட்டடம் ஆகும். அதை வீடாக ஆக்குவது உள்ளே இருக்கும் மனிதர்களின் அன்பு. அந்த அன்புக்கு அளவு எடுத்துக் கட்டியவர் லாரி பேக்கர். வீடு கட்டுகிற ஒவ்வொருவரும், கடைக்கால் தோண்டும் முன்பு, அந்தப் பெரியவரை ஒருமுறை நினைத்துக்கொண்டால் நல்லது. கடனும் குறையும், கவலையும் குறையும்.